ஒரு ரன்னும் ஓராயிரம் வாதங்களும்: நம் வீட்டுக் கிரிக்கெட் விவாதங்கள் பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் நமக்குக் கம்பனும் இளங்கோவும் பாரதியும் நினைவுக்கு வருகிறார்கள். கொஞ்சம் இறங்கி வந்தால் சிறுகதை, நாவல், சினிமா. ஆனால் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர் சிறியவர் வேறுபாடில்லாமல், குரலை உயர்த்தி, சாப்பாட்டை ஆறவிட்டு நடத்தப்படும் விமர்சனம் எது என்று பார்த்தால், அது கிரிக்கெட் விமர்சனம்தான். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் கிருத்திகைக்குக் கூடினாலும் சரி, மாரேட்பள்ளியில் ஒரு சீமந்தத்துக்குக் கூடினாலும் சரி, மாதாப்பூர் கொண்டாப்பூர் பக்கம் புதிதாக வந்த ஐ.டி. பிள்ளைகள் ஒரு ஃப்ளாட்டில் கூடினாலும் சரி, அரை மணி நேரத்தில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. இத்தனை பேர் இத்தனை நாளாகப் பயிலும் ஒரு பேச்சுக் கலையை யாரும் திறனாய்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த முயற்சிதான் இக்கட்டுரை.

விவாதங்கள் பலவாயினும் ஒன்றை மட்டும் மூலபாடமாக எடுத்துக்கொள்கிறேன். 2019 மே 12 அன்று நம் ஊர் உப்பல் ராஜீவ் காந்தி மைதானத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதியாட்டம். சென்னை ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. ஆண்டுகள் பல ஆகியும் இந்த விவாதம் நம் வீடுகளில் ஓயவில்லை. "அன்னைக்கு தோனி அவுட்டே இல்லீங்க" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக நடக்கும்.

பாடத்தைச் சரிபார்த்தல்

உ.வே.சா. போன்ற பெரியோர் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், பொருள் சொல்வதற்கு முன்னால் பாடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது. நம் விவாதங்களில் பாதிச் சண்டை பாடபேதத்தால் வருவது. எனவே நடந்ததை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

அந்த இறுதியாட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. சேப்பாக்கத்தில் மூன்று காலரிகள் உரிய அனுமதி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் ஆட்டம் ஹைதராபாத்துக்கு மாறியது. இப்படியாக, சென்னைக்கு உரிய இறுதியாட்டம் நம்மைத் தேடி வந்தது. மெட்டுகூடா, தார்நாகா பக்கம் இருப்பவர்களுக்கு மெட்ரோவில் சில ஸ்டேஷன்கள்தான் தூரம்.

மும்பை 20 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 149. பொல்லார்ட் 25 பந்தில் 41 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். சென்னைக்கு இலக்கு 150. டு பிளஸ்ஸி வேகமாக 26 அடித்துவிட்டுப் போனார். ரெய்னா 8, ராயுடு 1. பதின்மூன்றாவது ஓவரின் நான்காவது பந்தில் தோனி, ஓவர்த்ரோவை நம்பி இரண்டாவது ரன்னுக்கு ஓட, இஷான் கிஷன் எறிந்த பந்து நேரே ஸ்டம்பில் பட்டது. மூன்றாவது அம்பயர் நெடுநேரம் பார்த்துவிட்டு அவுட் என்றார். தோனி 8 பந்தில் 2. அப்போது ஸ்கோர் 82க்கு 4.

அதன் பிறகு வாட்சனும் பிராவோவும் 51 ரன் சேர்த்தார்கள். கடைசி 5 ஓவரில் 62 வேண்டும் என்றிருந்தது. மலிங்கா போட்ட பதினாறாவது ஓவரில் 20, குருணால் பாண்டியா போட்ட பதினெட்டாவது ஓவரில் 20. கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும். பந்து மறுபடி மலிங்கா கையில். நான்காவது பந்தில் வாட்சன் 80 ரன்னில் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 வேண்டும். ஷர்துல் தாக்குர் எல்.பி.டபிள்யூ. சென்னை 148.

இதுதான் பாடம். இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் உரையில்தான்.

காண்டலும் கருதலும்

வாதம் செய்வதற்குத் தமிழில் ஒரு நல்ல இலக்கணம் இருக்கிறது. மணிமேகலையில் பூம்புகார் விழா அறிவிப்பிலேயே பட்டிமண்டபம் பேசப்படுகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயக் கணக்கர்களையும் ஒவ்வொருவராகக் கண்டு, அவரவர் திறத்தை முழுக்கக் கேட்கிறாள். பின்பு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை இலக்கணம் சொல்கிறார். அறியும் வழி இரண்டு என்கிறார்: காண்டல், கருதல். கண்ணால் கண்டு அறிவது ஒன்று, கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது இன்னொன்று. வாதத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புகளைச் சொல்லி, அவை ஒவ்வொன்றும் பழுதுபடும்போது வரும் போலிகளையும் அடுக்குகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகையால் அங்கே தீ உண்டு, அடுப்படியைப் போல என்ற எளிய உதாரணத்திலிருந்து தொடங்குகிற பாடம் அது.

இந்த அளவுகோலை நம் விவாதத்தில் வைத்துப் பார்ப்போம். "தோனி அவுட் இல்லை, அதனாலதான் தோத்தோம்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி காண்டலைச் சேர்ந்தது: பெயில் விளக்கு எரிந்தபோது பேட் கோட்டைக் கடந்ததா? பேட் கோட்டின் மேல் இருந்தால் போதாது, கோட்டுக்கு உள்ளே தரையில் ஊன்றியிருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கேமரா கோணத்தில் கடந்தது போலவும் இன்னொரு கோணத்தில் கடக்காதது போலவும் தெரிந்தது. ஐயம் இருந்தால் பேட்ஸ்மேனுக்குச் சாதகமாகத் தருவதுதான் கிரிக்கெட்டின் நெடுநாள் வழக்கம். ஆகவே இந்தக் கேள்வியில் நம்மவர் வாதத்துக்கு நியாயம் உண்டு. நான் அதை மறுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி கருதலைச் சேர்ந்தது: அவர் நின்றிருந்தால் சென்னை ஜெயித்திருக்குமா? முதல் கேள்விக்குச் சாதகமான பதில் கிடைத்தாலும் இரண்டாவதற்கு அதே பதில் வர வேண்டிய அவசியமில்லை. அப்போது 44 பந்தில் 68 வேண்டும். தோனி 8 பந்து ஆடி 2 எடுத்திருந்தார். அவர் நிலைத்து நின்று முடித்தும் கொடுத்திருக்கலாம், அடுத்த ஓவரிலேயே போயும் இருக்கலாம். நடக்காததற்கு ஸ்கோர்போர்டு கிடையாது. ஆனால் நாம் முதல் கேள்வியின் சூட்டோடு இரண்டாவதையும் தாண்டிவிடுகிறோம். கேட்பவர் அதைக் கவனிப்பதற்குள் "தேர்டு அம்பயர் கண்ணு என்ன பொட்டையா?" என்ற அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

அறவண அடிகள் சொல்லும் ஏதுப் போலிகளில் அநைகாந்திகம் என்று ஒன்று. ஒரு முடிவுக்கு மட்டும் இட்டுச்செல்லாமல் எதிர் முடிவுக்கும் இடம்கொடுக்கும் காரணம் அது. ஒரு ரன்னில் தோற்ற ஆட்டத்தில் எடுத்துக்காட்டும் ஒவ்வொரு பந்தும் இந்தப் போலிக்குள் வந்துவிடுகிறது. ரன் அவுட் இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம் என்கிறோம். சரி. பத்தொன்பதாவது ஓவரின் கடைசிப் பந்தை விக்கெட் கீப்பர் டி காக் விட்டுவிட, சென்னைக்கு 4 பைஸ் சும்மா கிடைத்ததே? அது இல்லாவிட்டால்? வாட்சன் கொடுத்த கேட்சுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை மும்பைக்காரர்கள் நழுவவிட்டார்களே? அதில் ஒன்றைப் பிடித்திருந்தால் கடைசி ஓவர் வரை ஆட்டம் வந்திருக்குமா?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்டாள்: "தாத்தா, அந்த நாலு பைஸ் மட்டும் கணக்குல வராதா?" தாத்தா சொன்ன பதில்: "நீ சும்மா இரும்மா, உனக்கென்ன தெரியும்." அவள் சும்மா இருந்துவிட்டாள். அன்று அந்தக் கூடத்தில் பேசப்பட்டவற்றுள் அளவை இலக்கணத்துக்குப் பொருந்திய ஒரே வாக்கியம் அந்தப் பெண் பேசியதுதான்.

அப்படியானால் தோல்விக்குக் காரணமே சொல்ல முடியாதா? சொல்லலாம். ஒற்றைப் பந்தை விட்டு ஓவர்களைப் பார்க்க வேண்டும். பும்ரா 4 ஓவரில் 14 ரன், 2 விக்கெட். பத்தொன்பது வயதுப் பையன் ராகுல் சாஹர் 4 ஓவரில் 14 ரன், ஒரு விக்கெட். இருவருமாக 8 ஓவரில் 28. சென்னை தன் ரன்களில் பெரும்பகுதியை மற்ற 12 ஓவரில்தான் எடுத்தது. மலிங்காவை 4 ஓவரில் 49 அடித்தவர்களால் இந்த இருவரை அசைக்க முடியவில்லை. ஆட்டநாயகன் விருதும் பும்ராவுக்கே போனது. இது அம்பயர் முடிவைப் பொறுத்ததல்ல, கேமரா கோணத்தையும் பொறுத்ததல்ல. சென்னை ரசிகர் சொன்னாலும் மும்பை ரசிகர் சொன்னாலும் மாறாத காரணம். ஆனால் நம் வீட்டு விவாதங்களில் இதைச் சொல்பவர் மிகக் குறைவு. காரணம் எளிது. இதில் திட்டுவதற்கு ஆள் இல்லை; எதிராளியைப் பாராட்ட வேண்டியிருக்கிறது.

முடிவு முன்னே, காரணம் பின்னே

நம் விவாதங்களின் இன்னொரு குணம், முடிவைத் தெரிந்துகொண்டு காரணத்தைத் தேடுவது. இதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், நமக்கு நல்ல உதாரணம் கிடைக்கிறது. அந்த ஆண்டு சென்னையும் ஹைதராபாத்தும் நான்கு முறை மோதின. நம் வீடுகளில் அப்பா மஞ்சள், பிள்ளை ஆரஞ்சு என்று பிரிந்து நின்ற சீசன் அது. உப்பலில் 4 ரன்னில் சென்னை வென்றது. ஹைதராபாத்துக்காக ரஞ்சி ஆடிய அம்பட்டி ராயுடுவே சென்னைக்காக 79 அடித்தார். காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாறியிருந்தன. அங்கே ராயுடு சதமடித்து மறுபடி வென்றுகொடுத்தார். பிறகு மும்பை வாங்கடேயில் மே 22 அன்று முதல் தகுதிச் சுற்று.

அந்த ஆட்டம்தான் நான்கிலும் கடினமானது. ஹைதராபாத் 139. சென்னை ஒரு கட்டத்தில் 62க்கு 6. ரஷீத் கான் 4 ஓவரில் 11 ரன் கொடுத்து 2 விக்கெட். கடைசி 3 ஓவரில் 43 வேண்டும். கேப்டன் வில்லியம்சன் பதினெட்டாவது ஓவரைக் கார்லோஸ் பிராத்வெய்ட்டிடம் கொடுத்தார். 20 ரன் போனது. டு பிளஸ்ஸி 67 எடுத்து ஆட்டமிழக்காமல், 2 விக்கெட் மீதம் வைத்து முடித்தார்.

"பிராத்வெய்ட்டுக்கு ஏன் குடுத்தான்?" இது நம் ஊர் ஆரஞ்சுப் பிள்ளைகளின் ரன் அவுட். ஆறு வருஷம் கழித்தும் கேட்டார்கள், இனியும் கேட்பார்கள். ஆனால் அதே பிராத்வெய்ட் முதலில் 29 பந்தில் 43 அடித்திராவிட்டால் 139 என்ற ஸ்கோரே வந்திருக்காது. ஆட்டம் இருந்ததற்கும் அவரே காரணம், போனதற்கும் அவரே காரணம்.

இப்போது இதை 2019 இறுதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிங்கா தன் முதல் 3 ஓவரில் 42 கொடுத்திருந்தார். அவரிடம் ரோகித் சர்மா கடைசி ஓவரைக் கொடுத்தார். ரன் கொடுத்தவனிடமே பந்தைக் கொடுப்பது துணிச்சலான காரியம். கடைசிப் பந்தில் 2 ரன் போயிருந்தால், ரோகித்தை "புத்தி கெட்டவன்" என்று சொல்லியிருப்போம். எல்.பி.டபிள்யூ. ஆனதால் "கேப்டன்னா இவன்தான்" என்கிறோம். வில்லியம்சனுக்கும் ரோகித்துக்கும் நடுவே நம் விமர்சனம் காணும் வேறுபாடு முடிவில் மட்டுமே இருக்கிறது, முடிவெடுத்த விதத்தில் இல்லை. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஆசிரியரை மதிப்பிடும் விமர்சகரை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். கேப்டன்களுக்கு மட்டும் அந்த நியாயத்தைத் தருவதில்லை.

தொடராகப் பார்த்தால்

இங்கே கடல் கடந்த ஓர் உதாரணம் உதவும். நம்மில் பலருக்குக் கனடாவில் உறவினர் இருக்கிறார்கள். டொராண்டோவில் தமிழ்ப் பிள்ளைகள் ஐஸ் ஹாக்கி பார்த்து வளர்கிறார்கள். அங்கே நேஷனல் ஹாக்கி லீகின் பிளே-ஆஃப் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஒரு நாள் அம்பயர் தவறினாலும், ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தாலும், நான்கு முறை வென்றாக வேண்டும். ரசிகர்களின் பேச்சும் அதற்கேற்றபடி இரண்டு வாரம் நீளும். நேற்றுத் திட்டியவனை நாளை பாராட்ட வேண்டிவரும். அப்படியும் அவர்கள் ஒரு கணத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இல்லை. 2013 மே 13 அன்று பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கடைசிப் பகுதியில் 4க்கு 1 என்று முன்னணியில் இருந்த டொராண்டோ, கூடுதல் நேரத்தில் 5க்கு 4 என்று தோற்றது. டொராண்டோ ரசிகர்களிடம் அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், நமக்கு உப்பல் மாதிரி.

இருந்தாலும் தொடர் என்ற கண் நமக்கு ஒன்றைக் காட்டித்தருகிறது. 2019இல் சென்னையும் மும்பையும் சந்தித்த ஆட்டங்களை ஒரு தொடராக எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 3, வாங்கடே: மும்பை 37 ரன்னில் வெற்றி. ஏப்ரல் 26, சேப்பாக்கம்: மும்பை 46 ரன்னில் வெற்றி. மே 7, சேப்பாக்கத்தில் முதல் தகுதிச் சுற்று: மும்பை 6 விக்கெட்டில் வெற்றி. மே 12, உப்பல்: ஒரு ரன். நான்குக்கு நான்கு. ஹாக்கிக்காரர்கள் பாஷையில் இது சுத்தத் துடைப்பு. முதல் மூன்று ஆட்டத்தில் ரன் அவுட் சர்ச்சை எதுவும் இல்லை. சென்னையை நான்கு முறையும் அடக்கிய அணியிடம் ஒரு கேமரா கோணத்தால் மட்டும் தோற்றோம் என்பது தொடரைப் பார்த்தால் நிற்காது.

நியாயமாக, அதே கண்ணால் 2018ஐயும் பார்க்க வேண்டும். தகுதிச் சுற்றுக்குப் பிறகு மே 27 இறுதியில் வாட்சன் 57 பந்தில் 117 அடித்து ஹைதராபாத்தை 8 விக்கெட்டில் வீழ்த்தினார். அந்தத் தொடரும் நான்குக்கு நான்கு, சென்னைக்கு. பிராத்வெய்ட் ஓவரை மட்டும் பேசும் நம் ஆரஞ்சுப் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் அதற்கு அளவுகோல் என்று பெயர்.

விழுப்புண்

2019 விவாதத்தில் காரண காரியங்கள் தீர்ந்த இடத்தில் ஒரு படம் வருகிறது. ஆட்டத்துக்கு அடுத்த நாள் ஹர்பஜன் சிங் வெளியிட்ட படம்: வாட்சனின் இடது முழங்காலில் கால்சட்டையெல்லாம் ரத்தம். யாரிடமும் சொல்லாமல் அப்படியே ஆடினார், பிறகு தையல் போட்டார்கள் என்ற செய்தி. அதைச் சொன்னதும் கூடம் அமைதியாகிவிடுகிறது.

இது புறத்திணை மரபு. முதுகில் படாத புண்ணை விழுப்புண் என்று போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். தோற்றவனும் புகழோடு தோற்கலாம் என்பது நம் இலக்கியம் தந்த பெரிய ஆறுதல். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த 80 ரன் உண்மையிலேயே வீரம். ஆனால் விவாதத்தில் அது எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். எதிர்வாதத்தை நிறுத்தப் பயன்படுகிறது. ரத்தத்தைச் சொன்ன பிறகு 8 ஓவரில் 28 ரன் என்று பேசுபவன் இரக்கமற்றவன் ஆகிவிடுகிறான். மெய்ப்பாட்டை ஏதுவின் இடத்தில் உட்காரவைப்பது இது. இரண்டுக்கும் வீட்டில் இடமுண்டு. ஒன்றின் ஆசனத்தில் இன்னொன்றை வைக்கக் கூடாது.

யாருடைய அணி?

இனி, இந்த விவாதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதிக்கு வருகிறேன். வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சென்னை அணி வெறும் அணி அல்ல. மஞ்சள் சட்டை போட்டு உப்பலுக்குப் போவது ஊருக்குப் போய்வந்த மாதிரி. அதுவரை சரி. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படிக்கும் பிள்ளை ஆரஞ்சு சட்டை கேட்டால், "தமிழனாடா நீ?" என்ற கேள்வி வருகிறது. பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறோம். மீதிப் பாதியைப் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு ஆதாரம் இருக்கிறதா? 2019 இறுதியில் சென்னைக்கு ஆடிய பதினொருவரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. மறுபக்கம், ஹைதராபாத் அணியை 2012 அக்டோபரில் வாங்கியதே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டிவி நிறுவனம். கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் முதல் மூன்று சீசன் சென்னைக்கு ஆடிவிட்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் ஹைதராபாத்தின் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஆரஞ்சு சட்டையில்தான் 2020 நவம்பர் 6 அன்று அபுதாபியில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் பெயர்த்தார். 2023 இறுதியில், அகமதாபாத்தில், சென்னைப் பையன் சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார். குஜராத்துக்காக, சென்னைக்கு எதிராக. மழை வந்து இலக்கு 15 ஓவரில் 171 என்று மாற, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் அடித்து ஜடேஜா கோப்பையை வாங்கிக்கொடுத்தார். நம் வீடுகளில் பட்டாசு வெடித்தது. மழையைப் பற்றி அன்று யாரும் விவாதிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, சட்டையின் நிறத்தை வைத்துத் தமிழை அளக்க முடியாது. இது நியாயமான ஒரு பிடிப்பு, ஊர்ப்பாசம், அவ்வளவுதான். சென்னையில் வளர்ந்தவருக்கு மஞ்சள் ஊர்ப்பாசம் என்றால், தார்நாகாவில் வளர்ந்த பிள்ளைக்கு ஆரஞ்சும் அதே ஊர்ப்பாசம். 2024 மே 26 அன்று ஹைதராபாத் இறுதியாட்டம் ஆடியது, எங்கே? சேப்பாக்கத்தில். 113க்குச் சுருண்டு கொல்கத்தாவிடம் தோற்றது. 2019இல் நமக்கு உப்பல் எப்படியோ, அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சேப்பாக்கம் அப்படி. அன்றைக்கு அவர்களோடு உட்கார்ந்து வருத்தப்பட்ட பெரியவர்கள் எத்தனை பேர்?

பிள்ளைகளும் தமிழும்

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த விவாதம் நிற்கக் கூடாது என்பதே என் கட்சி. காரணம் கிரிக்கெட் அல்ல, தமிழ்.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கும் இந்தியும் பேசுகிறார்கள். வீட்டில் தமிழில் கேட்டால் "ம்", "சரி", "பசிக்கல" என்ற மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதே பிள்ளையிடம் அந்த இறுதியாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். "தோனி ரெண்டாவது ரன் ஓடாம இருந்திருந்தா பிராவோ அப்புறமா வந்திருப்பான், அப்ப பும்ரா ஓவர் முடிஞ்சிருக்கும்" என்று தாத்தாவுக்குப் புரியும் தமிழில், தடையில்லாமல் வருகிறது. இருந்திருந்தால், வந்திருப்பான், முடிந்திருக்கும் என்ற துணைவினை அடுக்கு நம் மொழியில் மிகச் சிக்கலானது. எந்தப் பயிற்சிப் புத்தகத்தை வைத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதை இவ்வளவு சுலபமாகக் கற்பிக்க முடியாது. நடக்காததைப் பற்றிப் பேச ஆசை வந்ததால் அந்த இலக்கணம் தானாக வருகிறது. தாத்தாவும் பேத்தியும் சமமாக நின்று தமிழில் வாதாடுகிற இடம் இன்று நம் வீடுகளில் வேறு எங்கே இருக்கிறது?

அதனால்தான் "உனக்கென்ன தெரியும்" என்ற வாக்கியம் எனக்கு அந்த ரன் அவுட்டைவிடப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. அடுத்த முறை அந்தப் பெண் பேச மாட்டாள். பேசினாலும் தன் சிநேகிதிகளிடம் இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசிக்கொள்வாள். நமக்கு மிஞ்சுவது "ம்", "சரி", "பசிக்கல".

ஆகவே மூன்று யோசனைகள். ஒன்று, மணிமேகலை செய்தது போல, எதிர்க்கட்சியின் திறத்தை முழுக்கக் கேட்டு, அதை அவர்களே ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பிறகு மறுப்பது. இரண்டு, ஒரு காரணத்தைச் சொல்லுமுன் சட்டைகளை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. தோனிக்குப் பதில் ரோகித் ஓடியிருந்தாலும் நான் இதையே சொல்வேனா என்று கேட்டுக்கொள்வது. மூன்று, கூடத்தில் இருப்பவர்களில் வயதில் இளையவரை இடைமறிக்காமல் முடிக்க விடுவது.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைக்கிறோம். குடும்பத்தில் பெரியவர் மாமியாரா மருமகளா என்ற தலைப்பு எத்தனை முறைதான் வரும்? வருகிற ஆண்டு "2019 இறுதியில் சென்னை தோற்றது ரன் அவுட்டாலா, பும்ராவும் சாஹரும் போட்ட 8 ஓவராலா?" என்று வைக்கலாம். பேச்சாளர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளாக இருக்கட்டும். மஞ்சள் ஆரஞ்சு எந்தச் சட்டையில் வந்தாலும் மேடையில் பேசுவது தமிழாக இருந்தால் போதும். பெரியவர்கள் நாம் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒரு மணி நேரமும் வாயைத் திறக்காமல் கேட்போம்.